குதிகால் தரையில் இருக்கட்டும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஷபானாவின் போன் வந்தது. சிவாஜிநகர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஷபானாவை உங்களுக்குத் தெரியும். ஒரு வரி கேட்டால் ஒன்பது வரி பதில் சொல்கிறவர். அன்று, "ரத்னா அக்கா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். மூளையில் ரத்தக் கசிவு என்பதும், முந்தைய நாள் மாலை ஏழு மணி வரை நோயாளி பார்த்திருக்கிறார் என்பதும் பிறகு தெரிந்தவை. வயது நாற்பத்தெட்டு.

அக்காவின் வீட்டுக்குள் இடமில்லை. சந்தில் நின்றோம். நூறு பேருக்கு மேல் இருக்கும். ஒருவர்கூட ஒழுங்காக நிற்கவில்லை. ஒற்றைக் காலில் எடையைப் போட்டுக்கொண்டு, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, செல்போனுக்குக் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ரத்னா அக்கா அந்தப் பக்கம் வந்திருந்தால் ஒவ்வொரு முதுகிலும் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டே போயிருப்பார். நான் கூட்டத்தில் அழுகிறவன் இல்லை. அந்த இரண்டு விரல் இனி என் முதுகில் படாது என்று தோன்றியதும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று ஷபானா கேட்டார். அன்பானவர், பண்பானவர் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். அது உண்மைதான், ஆனால் எனக்கு எழுத வராது. மூன்று வருடம் அவரோடு வேலை செய்தேன். பாதி நாள் சண்டை போட்டோம். அதைத்தான் என்னால் எழுத முடியும்.

நான் இன்ஜினியர். மருத்துவமனைகளுக்கு உயரமும் எடையும் அளக்கும் கருவிகள் செய்கிற சின்ன நிறுவனத்தில் வேலை. சுவரோடு ஒரு தண்டவாளம், அதில் ஏறி இறங்கும் தலைத்தட்டு, கீழே கால் வைக்க ஒரு பலகை. பலகைக்குள் நான்கு சென்சார்கள். நிற்கிறவரின் எடை முன்னே போகிறதா பின்னே போகிறதா, இடமா வலமா என்று சொல்லும். ரத்னா அக்கா வாரத்தில் இரண்டு மதியம் எங்களிடம் வருவார். கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட்; எங்களிடம், கருவியை மனிதர்கள்மேல் வைத்துப் பார்த்து எங்கே சொதப்புகிறது என்று சொல்கிறவர். அந்த வேலைக்கு என்று ஒரு பதவிப் பெயர் கொடுத்திருந்தோம். அவர் அதைச் சொல்லவே மாட்டார். "நான் குத்தம் கண்டுபிடிக்க வர்றேன்" என்பார்.

அவர் வந்த முதல் வாரம் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். புதிய கருவி அலுவலகத்தில் இருந்த எட்டுப் பேருக்கும் காலையில் ஓர் உயரமும் மாலையில் இன்னோர் உயரமும் காட்டியது. எல்லோருமே மாலையில் குறைவு. சிலருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல். நான் சென்சாரை மாற்றினேன். தண்டவாளத்தை மாற்றினேன். மாலையில் அறை சூடாவதால் உலோகம் நீள்கிறதோ என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். அவர் வருவதற்கு முன்பிருந்தே பத்து நாள் இதிலேயே போயிருந்தது. அக்கா என் அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சென்சார் நல்லாத்தான் இருக்கு இன்ஜினியரே. ஆளுங்கதான் சுருங்கறாங்க."

நம்பவில்லை. நிரூபியுங்கள் என்றேன், அதுவும் கொஞ்சம் திமிராக. அவர் என்னை அளந்துவிட்டு, மதிய உணவுக்குப் பிறகு மேசைக்கு அடியில் தரையில் படுக்கச் சொன்னார். கெண்டைக்கால்கள் இரண்டையும் ஒரு நாற்காலிமேல் தூக்கி வைத்தார். நாற்பது நிமிடம். நடுவில் எங்கள் முதலாளி வந்து, இவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். "வளர்ந்துட்டு இருக்கார் சார், தொந்தரவு பண்ணாதீங்க" என்றார் அக்கா. எழுந்து நின்றபோது அதே கருவி என்னைச் சில மில்லிமீட்டர் உயரமாகக் காட்டியது. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் நீர் ஊறிய பொருள். நின்றால், உட்கார்ந்தால், சுமை தூக்கினால் அழுந்தி நீரை விடும். படுத்தால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதை அவர் ஐந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தார். பிறகு என் அட்டவணையில் ஒரு கோடு இழுத்து, புதிதாக ஒரு கட்டம் போட்டு, தலைப்பில் 'மணி' என்று எழுதினார். "மணி போடாத உயரம் பாதி உயரம்தான்பா." இன்றைக்கும் எங்கள் கருவி அச்சிடும் ஒவ்வொரு சீட்டிலும் உயரத்துக்குப் பக்கத்தில் மணி இருக்கும். அது அவருடைய கட்டம்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுதினால் மேலே இருந்துகொண்டு என் முதுகில் இரண்டு விரலால் குத்துவார். ஒரு விஷயத்தில் அவர் தவறு, நான் சரி. கிளினிக் சுவரில் 'நிமிர்ந்து உட்காருங்கள்' என்று மூன்று மொழியில் ஒரு பலகை மாட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அதில் சந்தேகம். ஆறு பேரை ஒரு மணி நேரம் விறைப்பாக நிமிர்ந்து உட்கார வைத்து அளந்தேன். இன்னொரு நாள் அதே ஆறு பேரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார வைத்து அளந்தேன். சாய்ந்தவர்கள் குறைவாகவே சுருங்கினார்கள். அட்டவணையை அவர் முன்னால் போட்டபோது, வெற்றிபெற்ற முகத்தோடுதான் போட்டேன். மறைக்கவில்லை. அவர் இரண்டு முறை படித்தார். மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தேன். அதே விடை. அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. இருபது வருடமாக நோயாளிகளிடம் சொன்னதை ஒரே வாரத்தில் நிறுத்தியவர் அவர். அதற்குப் பிறகு நீங்கள் கேட்டிருப்பீர்கள்: "எப்படி வேணா உக்காரு. ஒரே மாதிரி உக்காராதே." அந்த வாக்கியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று இந்த மலரில் பதிவு செய்துகொள்கிறேன்.

இனி மஞ்சுளா விஷயம்.

ஆனேக்கல்லில் முனியப்பா என்று ஒருவர். குட்டி யானை வண்டியில் காய்கறி மூட்டை ஏற்றி இறக்குவது தொழில். இடுப்பு வலிக்கு அக்காவிடம் வருவார். அவருடைய மகள் மஞ்சுளா ஒரு சீருடை வேலைக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தாண்டியிருந்தாள். எந்த இலாகா என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உயர அளவில் அரை சென்டிமீட்டர் குறைவு என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டார்கள். மறு அளவுக்கு விண்ணப்பம் போட ஒரு வாய்ப்பு உண்டு, போட்டாள், பன்னிரண்டு நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதிலும் குறைந்தால் முடிந்தது. அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

முனியப்பா கிளினிக்கில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நானும் அங்கே இருந்தேன். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எத்தனை மணிக்கு அளந்தார்கள்? மூன்று மணிக்கு. காலை ஆறு மணியிலிருந்து, தோளில் பையோடு, வரிசையில். பெயர் அகர வரிசைப்படி கூப்பிட்டிருக்கிறார்கள். அனிதாவும் அஸ்வினியும் எட்டரை மணிக்கே அளந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"பேர் வெக்கும்போதே யோசிச்சிருக்கணும் முனியப்பா," என்றார் அக்கா. முனியப்பா சிரிக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, கருவி ஒன்றைக் கிளினிக்குக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. படுத்து எழுந்து உயரத்தை ஏற்றிக் காட்டுவது ஏமாற்று வேலை என்று நேராகவே சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், உங்களுக்குத் தெரியும். "காலைல எழுந்திருக்கும்போது இருக்கறது அவளோட உயரம் இல்லியா? அதை நான் எங்கேந்து கொண்டு வந்தேன்? அஞ்சு பைசா சேர்க்கல. அவளோடதை அவ எடுத்துட்டுப் போறா. நோடு, இங்க பாரு, பிடிக்கலைன்னா மெஷினை மட்டும் குடுத்துட்டுப் போ." கருவியைத் தனியாக விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. நானும் போனேன்.

பத்து நாள் மஞ்சுளாவை அளந்தேன்; அதற்காக இரவில் கிளினிக் கட்டிலிலேயே தூங்கினாள். எழுந்ததும், அரை மணி கழித்து, ஒரு மணி கழித்து, மதியம், மாலை. வரைபடம் அழகாக வந்தது. எழுந்த முதல் மணி நேரத்திலேயே உயரம் வேகமாக இறங்குகிறது, பிறகு மெதுவாக. எனக்கு அது ஒரு கணக்காகிவிட்டது. எவ்வளவு அதிகம் படுக்கிறாளோ அவ்வளவு உயரம். எழுந்து எவ்வளவு சீக்கிரம் அளக்கிறோமோ அவ்வளவு நல்லது. அவளைப் பத்து மணி நேரம் படுக்கச் சொன்னேன். மறு அளவு நாளுக்கு ஒத்திகை பார்க்க முந்தைய நாள் வீட்டுக்குப் போனவள் அதையும் தாண்டிப் படுத்துவிட்டு, முனியப்பாவின் வண்டியில் மெத்தைமேல் படுத்தபடியே ஆனேக்கல்லிலிருந்து கிளினிக்குக்கு வந்து இறங்கினாள். நேராகக் கருவியில் நிறுத்தினேன். தேவையான உயரத்துக்குமேல் ஆறு மில்லிமீட்டர். நான் ஷபானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முனியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா திரையைப் பார்க்கவேயில்லை. குனிந்து, ஒரு பழைய மருந்துச் சீட்டை மஞ்சுளாவின் குதிகாலுக்கு அடியில் நுழைத்தார். காகிதம் தங்குதடையில்லாமல் உள்ளே போனது.

"இன்ஜினியரே, உன் மெஷின் குதிகாலைப் பாக்கலியா?"

பார்த்திருந்தது. எடை முழுவதும் முன்பாதத்துக்குப் போயிருப்பதைச் சென்சார்கள் ஒழுங்காகப் பதிவு செய்திருந்தன. அதைத் திரையில் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் உயரம் ஒன்றைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன். பத்து மணி நேரத்துக்குமேல் படுத்துக் கிடந்தவள் சட்டென்று எழுந்து நின்றதில் தலை லேசாகச் சுற்றியிருக்கிறது. விழாமல் இருக்கக் கால்விரலை ஊன்றியிருக்கிறாள். உயரமாகத் தெரிய வேண்டும் என்ற பதற்றத்தில் தாடையை வேறு தூக்கியிருந்தாள். தாடை தூக்கினால் உச்சந்தலை பின்னால் சரிந்து உயரம் குறையும். குதிகாலை இறக்கி மறுபடி அளந்தோம். ஆறு மில்லிமீட்டர் காணாமல் போனது. சரியாகக் கோட்டின்மேல் நின்றது, ஒரு மயிரிழை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. அது மட்டும் அளவெடுக்கும் மைதானமாக இருந்திருந்தால், குதிகால் எழும்பியது என்று அங்கேயே தகுதி நீக்கம் செய்திருப்பார்கள். என் கணக்கு அவளுடைய வேலையைத் தின்றிருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சுலபமில்லை. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சாக்கு, போதும். உயரத்தை நீ பாரு. நிக்கறதை நான் பாத்துக்கறேன். ரெண்டு நாள் இருக்கு."

அந்த இரண்டு நாளில் அவர் செய்தது இவ்வளவுதான். எட்டு மணி நேரம் தூங்கினால் போதும் என்றார். எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நிற்கச் சொன்னார். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில், பிறகு மற்றக் காலில். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலில். சுவரோடு நிற்கும்போது தாடையை விட்டுவிட்டுப் பின்கழுத்தை நீட்டச் சொன்னார்; மூச்சை இழுத்து நிறுத்திக்கொள்ளச் சொன்னார்; எடையைக் குதிகாலுக்கு அனுப்பச் சொன்னார். மஞ்சுளா ஆடினாள். ஆடாமல் நிற்க முயன்று விறைத்தாள். விறைத்ததும் இன்னும் ஆடினாள். "ஆடட்டும். எல்லாரும்தான் ஆடறோம். ஆடிட்டே நிக்கறதுக்குப் பேர்தான் நிக்கறது," என்றார் அக்கா. நான் பலகையின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொன்ன பிறகு கோடு அடங்கியது. இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறு அளவு நாள். காலை ஏழு மணிக்கு மைதானத்து வாசலுக்கு வந்துவிட்டோம். மஞ்சுளா பின்னால் மெத்தைமேல் படுத்திருக்க, முனியப்பா வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்தார். ஆனேக்கல்லிலிருந்து அவ்வளவு மரியாதையாக எந்தத் தக்காளியும் வந்திருக்காது. வாசலில் நாற்பது பேர் வரிசை. எட்டு மணிக்குத் திறப்பார்கள் என்றார்கள், எட்டரை ஆனது, ஒன்பது என்றார்கள். முதல் மணி நேரத்தில்தான் உயரம் ஓடும். என் வரைபடம் என் மண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் காவலரிடம் போய்ச் சத்தம் போடத் தயாரானேன்.

அக்கா பையிலிருந்து ஒரு பாயை எடுத்தார். சுற்றுச்சுவர் ஓரம் மரநிழலில் விரித்தார். மஞ்சுளாவைப் படுக்கச் சொல்லி, அவளுடைய கெண்டைக்கால்களைப் பைமேல் தூக்கி வைத்தார். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அக்கா தமிழிலும் கன்னடத்திலுமாகக் காரணத்தை விளக்கினார். அவள் ஒரு கணம் யோசித்தாள். துப்பட்டாவை விரித்துப் பக்கத்தில் படுத்தாள். பிறகு இன்னொருத்தி. அரை மணி நேரத்தில் அந்தச் சுவர் ஓரம் பதினான்கு பேர் காலைத் தூக்கிவைத்துப் படுத்திருந்தார்கள். அக்கா நடுவில் நடந்துகொண்டே, எழும்போது பக்கவாட்டில் திரும்பி எழுங்கள், தாடையைத் தூக்காதீர்கள், குதிகாலைத் தரையிலேயே வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, இவங்க எல்லாரும் மஞ்சுளாவுக்குப் போட்டி."

"சும்னிருப்பா, சும்மா இரு. முதுகுக்கு என்ன போட்டி?"

காவலர் வந்தார். பதினான்கு ஜோடிக் கால்களையும் வரிசையாகப் பார்த்தார். இதென்ன ஆஸ்பத்திரி வார்டா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், நீங்களும் படுங்கள், நாள் முழுக்க நிற்கிற ஆளாயிற்றே என்று அக்காவும் கன்னடத்தில் சொன்னார். அவர் படுக்கவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஆள் கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து சொல்லிவிட்டும் போனார்.

மஞ்சுளா எழுந்தாள். ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். நின்றாள். அக்கா அவள் முதுகில் இரண்டு விரலை வைத்தார். அவள் உள்ளே போனாள். முனியப்பா வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்து, அது சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம். வெளியே வந்தவள் கையில் இருந்த சீட்டை முதலில் அக்காவிடம் நீட்டினாள். தேவையான உயரத்துக்குமேல் மூன்று மில்லிமீட்டர். தகுதி.

நான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். "மணி போடல" என்றேன்.

அக்கா அன்று சிரித்த சிரிப்பு மைதானத்தின் மறுபக்கம் வரை கேட்டிருக்கும்.

போன செவ்வாய் சந்தில் மஞ்சுளாவும் நின்றாள். பணியிலிருந்து நேராகச் சீருடையில் வந்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட ஒழுங்காக நிற்கவில்லை என்று மேலே எழுதினேன்; அவளும் அன்று நிமிர்ந்து நிற்கவில்லை. முனியப்பாவின் தோளில் சாய்ந்து நின்றாள். நின்றுவிட்டுப் போகட்டும்.

ஒத்திகை அன்று நான் செய்த தவறுக்குப் பிறகு கருவியில் ஒரு மாற்றம் செய்தேன். குதிகால் எழும்பினால் பலகையில் சிவப்பு விளக்கு எரியும். குதிகால் இறங்கும்வரை திரையில் உயரம் வராது. சில மருத்துவமனைகள், இது பிடிவாதம் பிடிக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று கேட்டன. முதலாளியும் கேட்டார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் அந்த விளக்கு எரிந்தால் யாராவது ஒருவர், "அக்கா திட்டறாங்க" என்பார்கள். ரத்னா அக்கா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சொல்வார்கள். "நல்லா கேட்டுக்கோங்க" என்பார் அவர்.

அவர் போனதற்கு மறுநாள் வேலைக்குப் போனேன். அனுப்ப வேண்டிய கருவி ஒன்று பாக்கி இருந்தது. கடைசிச் சோதனைக்கு முதலாளியே பலகைமேல் ஏறினார். அவருக்கு எப்போதும் கொஞ்சம் உயரமாகத் தெரிய வேண்டும். விளக்கு சிவப்பாக எரிந்தது. அறையில் ஆறு பேர் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் அப்படியே நின்றார். விளக்கும் அப்படியே எரிந்தது.

நான்தான் சொன்னேன். "அக்கா திட்டறாங்க சார். குதிகாலை இறக்குங்க."

இறக்கினார். உயரம் வந்தது. மணியோடு.